இருபது நிமிடம், என் குரல் இல்லாமல்

ஆக்களைக் கதைக்க வைப்பதற்கென்று ஒரு தொழில் இருக்கிறது; அதை உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் செய்யுங்கள், யாழ்ப்பாணத்தில் மட்டும் செய்யாதீர்கள். இங்கே பஸ் தரிப்பிடத்தில் நிற்கிற இரண்டு பேர், பஸ் வருவதற்குள் மூன்று தலைமுறைக் கதையைக் கதைத்து முடித்துவிடுவார்கள். அதே இரண்டு பேரையும் கூட்டிவந்து, எதிரெதிரே கதிரை போட்டு, பின்னால் ‘பண்பாடுகளுக்கிடையிலான உரையாடல்’ என்று ஒரு பதாகையும் கட்டிவிட்டுப் பாருங்கள். வாய்க்குள் கொழுக்கட்டை வைத்தவர்கள் போல இருப்பார்கள்.

நான் தொடர்பாடல் கற்கைகள், இறுதி வருடம். பகுதிநேரமாக, நல்லூரில் ஒரு ரியூசன் சென்ரரின் மேல்மாடியில் இயங்கும் உரையாடல் நிலையத்தில் உதவியாளர். என்னுடைய பட்டம் ஒரேயொரு ஒலிப்பதிவில் தொங்கிக்கொண்டிருந்தது. இறுதி வருடப் படைப்புச் செயற்றிட்டத்தின் விதி இதுதான்: வேறு வேறு சமூகத்தைச் சேர்ந்த இரண்டு பேர் தங்களுக்குள் இருபது நிமிடம் இடைவிடாமல் கதைக்க வேண்டும்; வெட்டி ஒட்டக் கூடாது; அந்த இருபது நிமிடத்தில் மாணவியின் குரல் கேட்கவே கூடாது. இந்தக் கடைசி விதியை எழுதியவர் என்னை மனதில் வைத்துத்தான் எழுதினார் என்பது என் சந்தேகம். இதே தொழிலில் அகப்பட்டு முழிக்கிற தோழர், தோழியரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

நாலு வருசமோ?

பக்கத்து வீட்டுப் பரமேஸ் மாமி ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, கம்பசிலை நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். கேட்டது அவருடைய பிழை. உரையாடல் என்பது வெறும் கதை அல்ல, அதில் பாதி மற்றவர் சொல்வதைக் கேட்பது, அதுதான் எங்கள் துறையின் அடித்தளம் என்று விளங்கப்படுத்தத் தொடங்கினேன். மாமி இடையில் மூன்று தரம் வாய் திறந்தார். மூன்று தரமும், “பொறுங்கோ மாமி, முடிக்க விடுங்கோ” என்று மறித்துவிட்டேன். அடுப்பில் அவருடைய பருப்பு அடிப்பிடிக்கிற மணம் எங்கள் வளவு வரைக்கும் வந்தது.

கடைசியில் நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் மாமி சொன்னார்: “கதைக்கிறதைப் படிக்க நாலு வருசமோ பிள்ளை? உனக்கு அது பிறக்கேக்கையே வந்ததெல்லோ. மற்றப் பாதியைப் படிப்பிக்கச் சொல்லு.”

ஒருத்தருக்கும் தெரியாத விசயம்

எங்கள் நிலையத்தின் ஒருங்கிணைப்பாளர் ரவி அண்ணை நல்ல மனிதர். கொழும்பில் மூன்று நாள் பயிற்சி முடித்து வந்ததிலிருந்து எந்தக் கூட்டத்தையும் விளையாட்டு இல்லாமல் தொடங்கமாட்டார். அன்று அவர் கொண்டுவந்த விளையாட்டு, ஒவ்வொருவரும் எழும்பி, தன்னைப் பற்றி அங்கே ஒருத்தருக்கும் தெரியாத ஒரு விசயத்தைச் சொல்ல வேண்டும். வந்திருந்த இருபது பேரும் நல்லூர்க் கோயிலைச் சுற்றி அரை மைலுக்குள் இருப்பவர்கள். முதலில் எழும்பிய அக்கா, “எனக்குப் பாவக்காய் பிடிக்காது” என்றார். பின்வரிசையில் இருந்து அவருடைய மச்சாள், “அது ஊருக்கே தெரியும், வேறை ஏதும் சொல்லுங்கோ” என்றார்.

அடுத்தவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். அவர் எழும்பவே இல்லை. நான் விடுவேனா? வெளிப்படையாய்க் கதைத்தால்தான் நம்பிக்கை வளரும், நம்பிக்கை வளர்ந்தால்தான் உரையாடல் வளரும் என்று அவருக்கு முன்னால் நின்று ஐந்து நிமிடம் வாதாடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, அமைதியாகச் சொன்னார்: “பிள்ளை, என்னைப் பற்றின ஒரு விசயம் ஒருத்தருக்கும் தெரியாமல் இருக்கவேணும் எண்டுதான் நான் அறுபது வருசமாப் பாடுபடுறன். அதை உன்ரை விளையாட்டுக்காக விடேலாது.”

நன்றியுரைக்குள் உரையாடல்

தெற்கிலிருந்து பரிமாற்றத் திட்டத்தில் பன்னிரண்டு சிங்கள மாணவர்கள் மூன்று மாதத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி நிசன்சலா. மாத்தறைக்கு அங்கால் ஒரு கடற்கரை ஊர். பள்ளிக்கூடத்திலேயே தமிழ் படித்தவள். என்னைவிட ஒரு வயது குறைவு என்பதால் என்னை அக்கா என்று கூப்பிடுவாள். என் ஒலிப்பதிவுக்கு வேண்டிய இரண்டு பேரில் ஒருத்தி அகப்பட்டுவிட்டாள் என்று எனக்குச் சந்தோசம். மற்ற ஆளைத் தேடி எல்லாரையும் சாவகச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே ஒரு சனசமூக நிலையத்தில், தென்மராட்சியில் வயல் செய்யும் கமக்காரர்களோடு பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை உரையாடல்.

கதிரைகளை நாங்கள் வட்டமாகப் போட்டோம். ஒருவரும் உள்ளே வந்து இருக்கவில்லை. “முன்வரிசை எது எண்டு தெரிஞ்சால்தானே இருக்கலாம்” என்றார் ஒருவர். பிரதம விருந்தினரை வட்டத்தில் எங்கே இருத்துவது? ஐந்தே நிமிடத்தில் வட்டம் உடைந்து வரிசையானது. மேடையில் மேசை, மேசைக்கு விரிப்பு, விரிப்புக்கு மேலே பூச்சாடி. பிறகு மங்கள விளக்கு, தேவாரம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, சிறப்புரை. நிசன்சலாவுக்கு ஒரு பொன்னாடை, அதைப் போர்த்தியவருக்கு ஒரு பொன்னாடை. வெளியே மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல்கள் வந்து இறங்கும்போது மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். ஒலிப்பதிவுக் கருவியைக் கையில் பிடித்தபடி தலைவரிடம் ஓடினேன். அவர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். என் முதுகில் தட்டினார்.

“பயப்பிடாதை பிள்ளை. உரையாடலை நான் நன்றியுரைக்குள்ளை சேர்த்துச் சொல்லிவிடுறன்.”

நான் சொன்ன மொழிபெயர்ப்பு

பிறகு ஒரு மாதர் சங்கம். மேடையில் தமிழ் பேசக் கூச்சம் என்று நிசன்சலா சிங்களத்தில் பேச, நான் தமிழில் சொல்ல வேண்டும். அவள் பேசியது இரண்டே வரி: எங்கள் ஊரிலும் வீட்டைக் கொண்டு நடத்துவது பெண்கள்தான். ஆனால் கூட்டம் என்று வந்தால் ஆண்கள்தான் பேசுகிறார்கள். அவ்வளவுதான். அதைத் தமிழில் சொல்லத் தொடங்கிய எனக்கு, சொல்லச் சொல்லக் கோபம் ஏறிவிட்டது. சீதனத்தில் தொடங்கி, காணி உறுதி யாருடைய பேரில் இருக்கிறது என்பது வழியாக, பஸ்ஸில் முன் சீற்றில் கால் விரித்து இருக்கிற ஆண்கள் வரைக்கும் போய் நின்றேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. முன்னால் இருந்த ஒரு அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். எல்லாரும் எழும்பிவந்து நிசன்சலாவின் கையைப் பிடித்து, இவ்வளவு சின்ன வயதில் எப்படி இவ்வளவு யோசித்தாய் என்று கேட்டார்கள்.

வெளியே வந்ததும் நிசன்சலா என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். பிறகு தமிழிலேயே சொன்னாள்: “அக்கா, நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நல்லாய் இருந்தது. எனக்கும் ஒரு பிரதி எழுதித் தாங்கோ.”

தீர்த்துவைத்த முரண்பாடு

எங்கள் துறையில் வாய்ப்புகளுக்குக் குறைவில்லை. வாரத்துக்கு நாலு அழைப்பு மின்னஞ்சலில் வரும். இளையோர் முகாம், புலமைப்பரிசில், ஏதோ ஒரு குளிர்நாட்டில் ஆறு கிழமைப் பட்டறை. அப்படி ஒன்றின் விண்ணப்பத்தில் கேள்வி: நீங்கள் தீர்த்துவைத்த ஒரு முரண்பாட்டை விவரிக்கவும். இரண்டு நாள் மண்டையை உடைத்தேன். விடுதித் தண்ணீர்ச் சண்டையா? அதைத் தொடங்கியது நான். நூலகத்தில் கதிரைச் சண்டையா? அது இன்னும் முடியவில்லை. மிச்சக் காசு தராத கொண்டக்ரரோடு வந்த சண்டையில் பஸ்ஸையே ஓரமாக நிற்பாட்டினார்கள். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம், இதில் எதை எழுதலாம் என்று கேட்டேன்.

அம்மா கீரையிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார்: “சண்டையை மட்டும் கேட்டிருந்தால் நீ பத்துப் பக்கம் எழுதலாம். தீர்த்ததையெல்லோ கேக்கினம், பாவம்.”

காணும்

ஒலிப்பதிவைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. சின்னம்மாவைக் கெஞ்சி, நிசன்சலாவை அவருடைய வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கருவியை மேசையில் வைத்துவிட்டு நான் குசினிக்குள் போய், அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். உண்மையாகவே பொத்தினேன், வேண்டுமென்றால் சின்னம்மாவைக் கேளுங்கள். இருபத்தைந்து நிமிடம். என் குரல் ஒரு சொட்டும் இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் எங்கள் ஊரில் விருந்தாளி வெறும் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்து கதைக்க முடியாது என்பதை மறந்துவிட்டேன். ஒலிப்பதிவு முழுக்க, “இன்னும் ரெண்டு பிட்டு வையுங்கோ”, “காணும் அன்ரி, போதும்”, “கத்தரிக்காய்ப் பொரியல் தொடவே இல்லை”, “காணும் அன்ரி”, “மாம்பழத்தோடை குழைச்சுப் பாருங்கோ”, “அன்ரி, காணும்.” கடைசிக் ‘காணும்’ அழுகைக்குக் கிட்ட வந்துவிட்டது. எங்கள் விரிவுரையாளர் மிஸ் காதில் இயர்போனை மாட்டி, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். இரண்டு சமூகம், இருபத்தைந்து நிமிடம், என் குரல் இல்லை, விதியில் எந்த இடத்தில் பிழை என்று நான் வாதாடத் தயாராக நின்றேன்.

மிஸ் சொன்னார்: “ஆரணி, இதிலை ஒருத்தி வேண்டாம் வேண்டாம் எண்டுறா, மற்றவ கேக்காமல் உள்ளை தள்ளிக்கொண்டே இருக்கிறா. இதுக்குப் பேர் உரையாடலில்லை, ஆக்கிரமிப்பு.”

உப்பு

மூன்று நாள் இருந்தது. இந்த முறையும் தவறினால் அடுத்த வருடம்தான் பட்டம். ரவி அண்ணை தனக்குத் தெரிந்த மலர் அக்காவிடம் அனுப்பினார். தொண்டைமானாற்றில் ஏரி கடலைச் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் அவர் கருவாடு போடுகிறவர். கணவரும் தம்பிமாரும் கடலுக்குப் போகிறவர்கள். நான் பதினொரு கேள்வி எழுதிக்கொண்டு, நிசன்சலாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கருவியை, கருவாடு காய்கிற பாய் ஓரத்தில் வைத்து, தட்டிவிட்டு, முதற் கேள்வியைக் கொடுத்தேன்: நல்லிணக்கம் என்றால் உங்களுக்கு என்ன? இரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள். நானே கொஞ்சம் விளக்கம் சொன்னேன். பிறகு அந்த விளக்கத்துக்கும் விளக்கம் சொன்னேன்.

அந்த நேரம் நிசன்சலா பாயில் கிடந்த ஒரு பாரை மீன் துண்டைத் தூக்கி, மணந்து பார்த்து, “அக்கா, இதுக்கு உப்புக் காணாது” என்றாள். மலர் அக்காவின் முகம் மாறிவிட்டது.

“ஆருக்குக் காணாது? என்ரை கருவாடு கொழும்பு வரைக்கும் போகுது.”

“ஓம், எங்கட ஊருக்கும் வரும். அதுதான் சொல்லுறன்.”

இவளுடைய அப்பாவும் மீன்பிடிகாரர் என்பது இரண்டரை மாதம் பழகிய எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நிலைமை கைமீறுகிறது என்று நான் உள்ளே புகுந்தேன். இரண்டு பேரும் தங்கள் தங்கள் பண்பாட்டுப் பின்னணியில் நின்று, மற்றவரின் உப்பை மதித்து… இந்த இடத்தில் மலர் அக்கா என்னை மறித்தார். “உனக்குக் கருவாடு போடத் தெரியுமோ?” தெரியாது, ஆனால், என்றேன். “அப்ப எழும்பி அங்காலை போய் இரு.” நீதி கேட்டு நிசன்சலாவைப் பார்த்தேன். அவள், “போங்கோ அக்கா, நாங்கள் முக்கியமான விசயம் கதைக்கிறம்” என்றாள். போய்க் கவிழ்த்துவைத்த வள்ளம் ஒன்றின் நிழலில் இருந்து, தனியே எனக்குள் வாதாடினேன். கோபத்தில் கருவியை எடுக்கவும் மறந்துவிட்டேன். திரும்பி வரும்போது பாயில் இரண்டு பாரை, ஒன்று இந்த ஊர் உப்பில், மற்றது அந்த ஊர் உப்பில். அடையாளத்துக்கு ஒன்றின் வாலில் சிவப்பு நூல். எது நல்லது என்று அடுத்த கிழமை தீர்ப்பாம்.

மிஸ் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார். முதல் நாலு நிமிடமும் நான். அதற்குப் பிறகு இருபத்தாறு நிமிடம் அவர்கள். வெயில், மீனில் மொய்க்கிற இலையான், மாமியார், இயந்திரப் படகின் மண்ணெண்ணெய், பிறகும் உப்பு. கடைசிக்குக் கிட்ட மலர் அக்காவின் குரல்: “உந்தப் பிள்ளை எப்பவும் இப்பிடித்தானோ?” நிசன்சலா: “எப்பவும். ஆனால் நல்லவள்.” “நல்லவள்தான். வாயை மூடினால் இன்னும் நல்லவள்.” “ஓம் அக்கா. ஓம்.” அந்த இரண்டாவது ஓமில் இருந்த மனநிறைவை என்னால் எழுத்தில் காட்ட முடியாது. அந்தப் பகுதியை வெட்ட வேண்டும் என்று நான் கேட்டேன். என் ஒப்புதல் இல்லாமல் என்னைப் பற்றிக் கதைத்தது ஆய்வு அறத்துக்கு முரண் என்றேன். இன்னும் ஆறு நியாயம் சொன்னேன்.

மிஸ் என் கோப்பில் கையெழுத்து வைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்: “ஆரணி, இரண்டு சமூகமும் முழுமனதோடை ஒத்துப்போன இடம் இது ஒண்டுதான். இதை வெட்டினால் உன்ரை பட்டத்தையும் சேர்த்து வெட்டவேணும்.”

நாலு வருடம் தொடர்பாடல் படித்த எனக்கு, எழும்பி அங்காலை போய் இருந்ததற்குத்தான் பட்டம் கிடைத்தது என்பதை மறுக்க என்னிடம் பத்து நியாயங்கள் இருக்கின்றன, இருந்து கேட்கத்தான் இன்னும் ஓர் ஆள் அகப்படவில்லை.