எழுதாத பரீட்சைக்கு நான் போட்ட பூஜ்யம்

"சார், எம்மக டி.சி.யக் குடுத்துருங்க. நாளைக்கு வேன்ல ஏத்திவிடணும்."

மல்லாங்கிணறு பக்கத்திலிருந்து வந்திருந்த பாண்டியம்மா கையில் மனுவோடு என் மேஜைக்கு முன்னால் நின்றார். பட்டாசுக் கம்பெனியில் வேலை. வேன் என்றது அந்தக் கம்பெனி வேனை. பின்னால் அவர் மகள் முத்துமாரி, என் பி.காம். மாணவி, தரையைப் பார்த்தபடி நின்றாள்.

விருதுநகரில் ஒரு கல்லூரியில் முப்பத்தோரு வருஷம் புள்ளியியல் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். என் சாதனைகள் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். சொதப்பல்களுக்கு ஒரு நோட்டுப் போதாது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆசிரியர்களுக்கு உதவும் என்பதால் பெரிய சொதப்பலைச் சொல்கிறேன்.

அந்த வருஷம் எக்ஸெல் கற்றிருந்தேன். கையில் புதுச் சாமான் கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? பாதி செமஸ்டரில் ஒவ்வொருவரும் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று கணக்கிட்டு வீட்டுக்குக் கடிதம் போடுவதாகப் பிரின்சிபாலிடம் நானாகவே போய்ச் சொன்னேன். முதல் டெஸ்ட்டுக்கு 20, அசைன்மென்ட்டுக்கு 10, இரண்டாவது டெஸ்ட்டுக்கு 20, செமஸ்டருக்கு 50. முதல் இரண்டும்தான் முடிந்திருந்தன. மற்றக் கட்டங்களில் கோடு போட்டிருந்தேன். ஃபார்முலா எரர் காட்டியது. நான் என்ன லேசுப்பட்டவனா? கோடுகளை அழித்துவிட்டு எல்லாவற்றிலும் பூஜ்யம் போட்டேன். எரர் போய்விட்டது.

வகுப்பில் முதலாக வருகிற பெண்ணுக்கே 28 வந்தது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? "இந்தக் காலத்துப் பிள்ளைக எங்க படிக்குதுக" என்று ஸ்டாஃப் ரூமில் அலுத்துக்கொண்டேன். 25-க்குக் கீழே இருந்த பதினோரு மாணவிகளின் வீட்டுக்கு, 'தற்போதைய மதிப்பெண் இவ்வளவு சதவீதம், தேர்ச்சி கடினம்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். முத்துமாரிக்கு 23.

"இருபத்து மூணுதாம்மா வருது. நான் என்ன செய்ய?" என்று மார்க் தாளைத் திருப்பிக் காட்டினேன்.

பாண்டியம்மா குனிந்து பார்த்தார். "இந்த முட்டைகள்லாம் என்ன சார்?"

"அந்தப் பரீட்சை இன்னும் நடக்கலைம்மா."

"நடக்கலையா? எங்க கம்பெனில மேடையில காயிற சரக்கப் போர்மேன் எண்ண மாட்டாக சார். காஞ்சு உள்ள வந்த பெறகுதான் இம்புட்டுத் தேறுச்சு, இம்புட்டுக் கழிவுன்னு சொல்லுவாக. எம்மக எழுதாத பரீச்சைக்கு நீங்க எப்பிடி சார் முட்டை போட்டீக?"

தாளை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். முடிந்தது முப்பது மார்க்குக்குத்தான். அதில் இருபத்து மூன்று என்றால் எழுபத்தாறுக்கும் மேலே. மூன்றாவது யூனிட்டில் நானே வருஷாவருஷம் போர்டில் போட்டுக் காட்டுகிற கணக்கு. அந்த அம்மா முன்னாலேயே ஒரு தாளில் போட்டுக் காட்டி, "தப்பு என்னோடதும்மா, மன்னிச்சிருங்க" என்றேன். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

"அப்ப இவ பாஸாயிருவாளா சார்?"

"இதே மாதிரி எழுதினா நல்லாவே பாஸாவா."

பாண்டியம்மா கையிலிருந்த மனுவை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "ஏ புள்ள, கிளாசுக்குப் போ" என்றார் மகளிடம். முத்துமாரி ஓடினாள்.

மீதிப் பத்து வீடுகளுக்கும் அன்றே போன் போட்டேன். ஒன்பது வீட்டில் சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். பத்தாவது வீட்டில் அப்பா எடுத்தார். "லெட்டர் வந்த மறுநாளே வேன் ஏறிட்டாளே சார். சீசன் முடியட்டும், பாப்பம்" என்றார். வீட்டுக்கே போய்ப் பேசினேன். அந்தப் பெண் எனக்குக் காபி கொடுத்தாள். கல்லூரிக்கு வரவில்லை.

நடக்காத பரீட்சைக் கட்டத்தில் கோடே இருக்கட்டும். எரர் காட்டினால் காட்டிவிட்டுப் போகட்டும். செமஸ்டர் முடிந்து மார்க் ஏற்றும்போது, வராதவர்களுக்குப் பூஜ்யம் போடச் சொன்னார்கள். அவள் பெயருக்கு நேரே மட்டும் எனக்குக் கை வரவில்லை. பக்கத்து மேஜைக்காரரைப் போடச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன்.