ராகிக்குள் ஒளிந்த கோடரி

வாய்மொழிக் கதைகளின் பாடபேதங்களைச் சேகரிப்பவனுக்கு, எவர் சொல்வதையும் முதல் தடவையிலேயே நம்பிவிடுகிற சௌகரியம் கிடையாது. ஒரே கதையை ஊர் ஊராகக் கேட்டு, எந்த வரி எந்த வாயிலிருந்து எந்த வாய்க்குப் போயிற்று என்று துருவியே எனக்கு வயதாகிவிட்டது. பணி ஓய்வுக்குப் பின் தருமபுரியில் ஒரு வாசிப்பு வட்டத்துக்குக் கூட்டுநர் பொறுப்பு வாய்த்தபோது, இந்தச் சந்தேகமும் கூடவே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. வாசிப்பு வட்டம் நடத்திப் பார்த்த அன்பர்களுக்கு என் அவஸ்தை புரியும். "இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்ற சாதுவான கேள்விக்கு எத்தனை பேர் கண்ணைத் தாழ்த்தியிருக்கிறார்கள் என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மஞ்சள் கறை

எங்கள் நடைமுறை எளிது. ஒரு நூலில் ஒரே பிரதி வாங்குவோம். அது கைமாறிக் கைமாறிச் சுற்றும். எல்லாரும் முடித்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேருந்து நிலையத்தருகே ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் கூடி, படித்ததைத் தம் சொற்களில் சொல்வார்கள். அடுத்து எந்த நூல் என்று தீர்மானிக்கும் முறை ஒவ்வொருவருக்கும் வரிசைப்படி வரும். முடிவுவரை படிக்காதவருக்கு அந்த முறை போய்விடும். அது கூட்டுநரிடம் வந்து சேரும். இந்தக் கடைசி விதியை எழுதியவன் நான். எனக்கு மட்டும் பக்கம் பக்கமாகச் சரிபார்த்துத் தனிப்பிரதி வாங்கிக்கொள்வதும் என் வழக்கம். பென்சிலால் ஓரக்குறிப்பு எழுதுபவன், பிறர் கை பட்ட தாளில் எழுத மாட்டேன்.

தொப்பூரில் நெடுஞ்சாலையோரம் உணவகம் வைத்திருக்கும் கோவிந்தன்மீதுதான் முதலில் சந்தேகம் விழுந்தது. அவர் ஒரு நாவலை மிகச் சரளமாகச் சொல்லி முடித்தார். லாரி ஓட்டுநர் எவராவது பரோட்டாவுக்குக் காத்திருந்த நேரத்தில் சொல்லக் கேட்டிருப்பாரோ என்று தோன்றியது. பிரதியை வாங்கிப் புரட்டினேன். முற்பாதியில் பக்கத்துக்குப் பக்கம் குருமாவின் மஞ்சள் கறை. பிற்பாதியில் ஒரு பொட்டுகூட இல்லை. "பாதியிலேயே நிறுத்திவிட்டீர்கள் போலிருக்கிறதே?" என்றேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை. "அதுக்கு மேல கத சூடு புடிச்சிருச்சுங்க ஐயா. கையக் கழுவிட்டு வந்து படிச்சனுங்க."

நெல் விளையும் ஊரில் ராகி

அடுத்து சுற்றுக்குப் போன நாவல், ஒரு புளியமரத்துக்காகப் பகைத்துக்கொள்ளும் அண்ணன் தம்பியைப் பற்றியது. கல்யாணம், அறுவடை, தேர்வு என்று மற்றவர்கள் கழன்றுகொண்ட பருவம். படித்தவர்கள் மூவர்தாம். பிரதி முதலில் மரிய ஸ்டெல்லாவிடம் போனது. மாரண்டஹள்ளியில் ஒரு தக்காளி மண்டியில் பில் போடுபவர். அவரிடமிருந்து கோவிந்தனுக்கும், கோவிந்தனிடமிருந்து மஞ்சுளாவுக்கும் போயிற்று. மஞ்சுளா பள்ளி ஆசிரியை. வீட்டில் கன்னடம், வகுப்பில் தமிழ். இந்தச் சுற்று முடிந்தால் நூல் தேர்வு ஸ்டெல்லாவின் முறை. கடலில் மாதக்கணக்காகப் போகும் மாலுமிகளைப் பற்றிய ஒரு தடித்த நூலைத்தான் சொல்வேன் என்று, வட்டத்தில் சேர்ந்த நாளிலிருந்தே அவர் சொல்லி வந்தார். கடலைப் பார்த்ததில்லையாம், படித்தாவது பார்க்க வேண்டுமாம்.

ஞாயிறன்று மூவரும் கதை சொன்னார்கள். மூவருமே, அண்ணன் மனைவி விடியுமுன் எழுந்து கோடரியைக் களத்து ராகிக் குவியலுக்குள் ஒளித்துவிட்டாள், மரம் தப்பியது என்று முடித்தார்கள். என் பென்சில் நின்றுவிட்டது. நாவல் நடப்பதோ நெல்லைத் தவிர வேறொன்றும் விளையாத ஆற்றங்கரை ஊரில்; என் பிரதியில் ராகி என்ற சொல்லே இல்லை. மூவர் சரியாகச் சொன்னால் மூவரும் படித்திருக்கலாம். மூவர் ஒரே தவற்றைச் சொன்னால், ஒருவர் சொல்லி மற்ற இருவர் கேட்டிருக்கிறார்கள். என் துறையின் அரிச்சுவடி இது. சுற்றுப் பிரதி எங்கே என்று கேட்டேன். ஸ்டெல்லாவிடமே திருப்பிக் கொடுத்தாயிற்று என்றார் மஞ்சுளா. இன்று கொண்டுவர மறந்துவிட்டேன் என்றார் ஸ்டெல்லா. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அதுவே என்னை உறுத்தியது. நூல் தேர்வை அடுத்த ஞாயிறுக்கு ஒத்திவைத்தேன். மஞ்சுளாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தம்மா கோடாலிய ராகிக்குள்ள போட்டு மூடிட்டாங்க, மரம் பொழச்சுது. இதுல என்ன சார் ஒங்களுக்கு விசாரணை?"

தொப்பூரில் ஒரு தேநீர்

சங்கிலியின் நடுக்கண்ணியைத் தட்டிப் பார்ப்பது என் வழக்கம். கோவிந்தனின் கடைக்குப் போனேன். கணவாய் இறங்கி வந்த லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. தேநீர் கொடுத்தார், வடை கொடுத்தார், கேட்டதற்கு மட்டும் பதில் கொடுக்கவில்லை. "ராகி எந்தப் பக்கத்தில் வருகிறது?" என்றேன். "பக்கமெல்லாம் பாத்தா படிப்பாங்க?" என்றார். "அந்த முடிவு ஸ்டெல்லா சொல்லித்தானே உங்களுக்குத் தெரியும்?" என்றேன். கல்லில் கிடந்த பரோட்டாவைத் தேவைக்கு மேல் இரண்டு முறை புரட்டினார்.

பிறகு கரண்டியை வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார். நான் தொகுத்த கதைப்பாடல் பதிப்பு ஒன்று உண்டு; அடிக்குறிப்பே பாதி நூல். என் முறை வந்தபோதெல்லாம் அதைத்தான் முன்மொழிந்தேன். ஒவ்வொரு தடவையும் எல்லாருக்கும் வேறு வேலை வந்துவிட்டது. கோவிந்தன் அதை மறந்திருக்கவில்லை. தணிந்த குரலில், மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "ஸ்டெல்லா மொற போச்சுன்னா, அடுத்தது ஒங்க பொஸ்தகந்தானுங்களே ஐயா?"

திரும்பவும் முதல் பக்கம்

பாலக்கோடு வழியாக மாரண்டஹள்ளி போய்ச் சேர்ந்தபோது மண்டியில் ஏலம் முடிந்திருந்தது. தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே இருந்த மேசையிலிருந்து எழுந்து வந்த ஸ்டெல்லா, நான் வாயைத் திறக்குமுன்பே பைக்குள்ளிருந்து பிரதியை எடுத்து நீட்டினார். கடைசிப் பகுதியைப் பிரித்தேன். அண்ணன் மனைவி விடியுமுன் எழுந்து கோடரியைப் பார்க்கிறாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் நாவலின் முதல் அத்தியாயம்! பைண்டிங் செய்தவர்கள் கடைசிப் பதினாறு பக்க ஃபாரத்துக்குப் பதிலாக முதல் ஃபாரத்தையே மறுபடி வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

"மொதல்ல எனக்குத் தெரியலீங்க. கத சுத்தித் திரும்ப ஆரம்பத்துக்கே போவுது, இது ஏதோ புது மாதிரி எழுத்துன்னு நெனச்சு, அதையும் ஒருக்கா படிச்சேன்" என்றார். பிறகு ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா, 'முடிச்சீங்களா இல்லயா'ன்னு கேப்பீங்க. இல்லன்னா என் மொற போயிரும். பொஸ்தகம் மொதல்ல எங்கிட்டதான் வந்துச்சு, நாந்தான் பக்கத்தக் கிழிச்சேன்னும் சொல்லுவீங்க." சொல்லியிருப்பேன்தான். கோவிந்தனிடம் பிரதியைக் கொடுக்கும்போது, பக்கம் இல்லாததையும் தாம் வைத்துக்கொண்ட முடிவையும் சொல்லியிருக்கிறார். அவர் இரண்டையும் மஞ்சுளாவிடம் சொல்லியிருக்கிறார். ஸ்டெல்லாவின் முறை போய்விடக் கூடாதென்று இருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் சரி, ராகி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் தக்காளிப் பெட்டிகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்கூட்டுக் கோடாலி ஒருக்கா அப்பிடித்தாங்க காணாமப் போச்சு. அப்பாவும் சித்தப்பாவும் மரத்துக்கு அடிச்சிக்கிட்டப்ப, எங்கம்மாதான் ராகிக்குள்ள வெச்சிருந்தாங்க."

மாடியில் தீர்ப்பு

ஞாயிறன்று என் பிரதியிலிருந்து அச்சிட்ட முடிவை வாசித்தேன். தம்பி மரத்தை வெட்டிவிடுகிறான். அண்ணன் தன் பங்கு விறகைச் சுமந்துகொண்டு போகிறான். "இதுக்கா இவ்ளோ தூரம் படிச்சோம்?" என்றார் கோவிந்தன். "இதுதான் நடக்கும். ஆனா அது நடக்கக் கூடாதுன்னுதானே படிக்கறோம்" என்றார் மஞ்சுளா. ஸ்டெல்லாவின் பார்வை என் தோள்பையில் இருந்தது. அதற்குள் என் கதைப்பாடல் பதிப்பு இருந்தது உண்மைதான். தற்செயலாக இருந்தது என்று சொன்னால் நீங்களும் நம்பப் போவதில்லை.

விதிப்படி முடிவைப் படிக்காதவருக்கு முறை இல்லை. ஆனால் அறுந்து கிடைத்த கதைக்குத் தம் வீட்டிலிருந்து முடிவு கொண்டுவந்து சேர்த்தவர்களைத் தள்ளிவைப்பதானால், என் பீரோவில் சேர்த்துவைத்திருக்கும் கதைகளில் பெரும்பகுதியை நான் பழைய பேப்பர் கடையில் போட வேண்டியிருக்கும். பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். "முறை ஸ்டெல்லாவுடையது" என்றேன். மாலுமிகளின் நூல்தான் என்று அவர் உடனே சொன்னார். வழக்கம்போல் இரண்டு பிரதி வாங்குகிறேன், ஒன்று சுற்றுக்கு, ஒன்று எனக்கு என்றேன். அப்போதுதான் அவர் சிரித்தார். "வாங்குங்க ஐயா. ஆனா இந்தத் தடவ நீங்க பக்கம் பக்கமாப் பாத்து எடுத்து வெக்கறது எங்களுக்கு. சுத்துக்கு வர்றது ஒங்களுக்கு."

நான் சரிபார்த்து எடுத்த அந்தப் பிரதி இப்போது தொப்பூரில் கிடக்கிறது: மஞ்சளாகித் திரும்பினால் கோவிந்தன் படித்தார் என்றும், வெள்ளையாகவே திரும்பினால் கதை நன்றாக இருந்தது என்றும் நான் நம்பியாக வேண்டும்.