இருநூற்று எண்பத்தொன்பது

ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போடப்போகிறான் என்று ராயபுரத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்த வருஷம். நாங்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை, லீவு கிடையாது. எனக்குப் பத்து வயது.

ஒரு நாள் பட்டப்பகலில் அபாயச் சங்கு ஊதியது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருமுனைப் பதுங்குகுழிக்குள் இறங்கினாள். பின்னாலேயே மாமா வந்தார். அம்மாவின் தம்பி, ரயில்வே சரக்குக் கிடங்கில் குமாஸ்தா. அம்மா ஜெபமாலையை உருட்டத் தொடங்கினாள். அப்பா இப்போது கிரேனின் உச்சியில், வானத்துக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருப்பார் என்று நினைத்ததும் எனக்குப் பல் கிட்டித்துக்கொண்டது.

மாமா குச்சியால் மண்ணில் 17 என்று எழுதினார்.

"இத்தோட ரெண்டு கூட்டு. வர்றதோட நாலு, அப்பால ஆறு, எட்டு. அப்டியே போய்க்கினே இரு. வர்ற நம்பரை மீதியில்லாம பங்கு போட முடியாது. அது ஒடையாத வரிக்கும் உங்கப்பாவுக்கு ஒண்ணியும் ஆவாது."

நான் நம்பினேன். 19, 23, 29, 37. ஒவ்வொன்றையும் தெரிந்த வாய்ப்பாட்டிலெல்லாம் போட்டுப் பார்த்தேன், எதிலும் சிக்கவில்லை. தெருவில் ஒரு லாரி உறுமியபோது குழியிலிருந்த எல்லோரும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். நான் நிறுத்தவில்லை. 227 தாண்டியது. 257 தாண்டியது. முப்பத்திரண்டைக் கூட்டினேன். 289.

பள்ளியில் பதினாறாம் வாய்ப்பாடு வரைதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதில் எங்கும் 289 இல்லை. அதோடு விட்டிருக்கலாம். ஏனோ பதினேழாலும் வகுத்துப் பார்த்தேன்.

பதினேழு பதினேழு. மீதி இல்லை.

மாமா பார்ப்பதற்குள் கணக்கை உள்ளங்கையால் அழித்தேன்.

"இன்னா, ஒடைஞ்சிச்சா?"

"ஒடையல."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

நான் அழித்த இடத்தையே மாமா பார்த்தார். "அப்ப செரி" என்றார்.

விமானம் எதுவும் வரவில்லை. அபாயம் நீங்கிய சங்கு ஊதியது. சாயங்காலம் அப்பா கிரீஸ் கையோடு வந்து, வழக்கம்போல் குழம்பில் உப்பில்லை என்றார். நான் அவர் பக்கத்தில் போகவே பயந்தேன். என் பொய் வெளிப்பட்டால் அந்த நிமிஷமே அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூட்டைக் கணக்கை மனசிலேயே பெருக்கி வகுக்கிறவர் மாமா. அந்த எண் உடையும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அதற்குள் அபாயம் நீங்கிய சங்கு ஊதிவிடும் என்று நினைத்திருப்பார். அது ஊதாதபோது, தெரிந்துகொண்டே என் பொய்யை இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கும் அந்தப் பொய் வேண்டியிருந்தது என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.