குழுவிலிருந்து நான் நீக்கிய பெயர்

ஆண்டவரை நம்பி என்னோடு கூட நடக்கிறவர்களே, இந்தச் சாட்சியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்னால் ஒரு சகோதரி சாகக் கிடந்தார். அவர் கிடப்பதுகூடத் தெரியாமல், அவரைக் குறை சொல்லி நான் மைக்கில் பேசிக்கொண்டிருந்தேன்.

நான் திருத்தணி – பள்ளிப்பட்டு தடத்தில் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். எட்டாவதோடு படிப்பை விட்டவன். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குப் பேச வந்தது. அந்த வாயைப் பார்த்துத்தான் சபையில் என்னை ஊழியக் குழுக்களுக்குப் பொறுப்பாளனாகப் போட்டார்கள். பாட்டுக் குழு, ஞாயிறு பள்ளி, நோயாளிகளைப் போய்ப் பார்க்கிற சந்திப்புக் குழு எல்லாம் சேர்த்து முப்பது பேர் இருப்போம். யாருக்கும் சம்பளம் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை அவர்களைக் கூட்டி, பயிற்சி கொடுத்து, தட்டிக்கொடுத்து அனுப்புவது என் வேலை.

அதை நான் பஸ் மாதிரிதான் ஓட்டினேன். நேரத்துக்கு வந்தவன் ஏறலாம், வராதவனுக்காக வண்டி நிற்காது. தொடர்ந்து மூன்று வாரம் வராதவர்களை வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிடுவேன். அப்போதுதான் மற்றவர்களுக்குப் பயம் இருக்கும் என்று நினைத்தேன்.

சந்திப்புக் குழுவில் சற்குணம் அக்கா பதினோரு வருடமாக இருந்தார். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. கணவர் இல்லை. ஒரே மகளைச் சித்தூர் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். சமையல் முடிந்ததும் குளித்துவிட்டு, நான் எழுதிக்கொடுக்கும் சீட்டை வாங்கிக்கொண்டு மணவூர், திருவாலங்காடு என்று நோயாளிகள் வீட்டுக்குப் போவார். ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை.

போன வருடம் ஆடிக் கிருத்திகை நேரம். காவடிக் கூட்டம், ஸ்பெஷல் பஸ், நிற்க இடமில்லை. அந்த வாரத்தில் அக்காவிடமிருந்து எனக்கு இரண்டு போன் வந்திருக்கிறது. நான் எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிடவும் இல்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவர் ஆராதனைக்கு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு மதியம் சாப்பிட்டுக்கொண்டே அவர் பெயரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டேன். ஒரு கையில் சோறு, ஒரு கையில் போன். அவ்வளவு சுலபமாக முடிந்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை எங்கள் வருடக் கூடுகை. சாப்பாட்டுக்கு முன்னால் என் பேச்சு. கரும்பலகையில் "சோர்ந்துபோனவர்கள்" என்று எழுதி, அதன் கீழே நான்கு பெயர்களை எழுதினேன். முதல் பெயர் சற்குணம். "சத்துணவுக் கூடத்துக்கு ஒரு நாள் போகாம இருப்பாங்களா? ஆண்டவர் வேலைன்னா மட்டும் எளப்பம்" என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள்.

அப்போது பிரியாணி கொண்டுவந்த சமையல்கார பாய் அண்டாவை வாசலில் இறக்கிக்கொண்டிருந்தார். அவர் தலையை நீட்டி, "எந்த சற்குணம்? ஸ்கூல்ல சமைக்குமே, அந்தம்மாவா?" என்றார்.

"ஆங், அவங்கதான் பாய்."

"அவங்க அரக்கோணத்துல ஆஸ்பத்திரில கெடக்குறாங்களே சார். என் வீட்டம்மாவுக்குப் பக்கத்து பெட்டு. கால்ல கஞ்சி கொட்டிகினு, புண்ணு முத்திப்போச்சு. நேத்துலருந்து நெனவே இல்ல. உங்களுக்குத் தெரியாதா?"

வந்திருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் சாக்பீஸ் இருந்தது.

நான் இரண்டு நோட்டு வைத்திருந்தேன். ஒன்றில் நோயாளிகள். இன்னொன்றில் அவர்களைப் போய்ப் பார்க்கிறவர்கள். அக்கா பெயர் இரண்டாவது நோட்டில் இருந்தது. அந்த நோட்டில் இருக்கிறவர்களுக்கும் உடம்புக்கு வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று மதியமே அரக்கோணம் போனேன். சர்க்கரை உடம்பு. புண்ணின் விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். முட்டிக்குக் கீழே காலை எடுக்க வேண்டும், எடுத்தாலும் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அக்காவின் மகள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "எங்கம்மா போன கையில வச்சிகினு ஓன்னு அழுதுச்சுண்ணா. 'என்னை எடுத்துட்டாங்கடீ'ன்னுச்சு. யாரு எடுத்தாங்க, எதுலருந்து எடுத்தாங்கன்னு எனக்கு வெளங்கல" என்றாள். எனக்கு விளங்கியது. அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

எந்த வீட்டுக்குப் போனாலும் அரைமணி நேரம் ஜெபிக்கிற எனக்கு அன்று அந்த ஜெபம் வரவில்லை. வராந்தாச் சுவரில் தலையை வைத்து, "ஆண்டவரே, அவங்களப் பொழைக்க வச்சுக்குடு. காலையும் குடு. என்னைத் திட்டறதுக்காவது அவங்க கண்ணு முழிக்கணும்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. நான்கு நாள் அதையே சொன்னேன். சபையாரும் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். யாருக்கும் நான் சீட்டு எழுதிக்கொடுக்கவில்லை.

கால் போய்விட்டது. கேட்டதில் அதை ஆண்டவர் கொடுக்கவில்லை. ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுவதையும் விட்டுவிட்டேன்.

ஆனால் ஐந்தாம் நாள் அக்கா கண் திறந்தார். என்னை உள்ளே விட்டார்கள். கையைக் காட்டி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இன்னாப்பா தாவீது, நான் ஏறதுக்குள்ள ரைட் குடுத்துட்ட?"

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அழாத. பக்கத்து பெட்டுல இன்னா நெனப்பாங்க? பதினோரு வருசம் ஊரு ஊராப் போயி எத்தினி பேருக்கு ஜெபம் பண்ணேன். எனக்கு ஒர்த்தரும் வரலையேன்னு ஆத்தாமையா இருந்துச்சு. யாரையாவது அனுப்பு சாமி, அந்தக் கண்டக்டரு மட்டும் வேணான்னு கேட்டுகினேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பாரு, உன்னைத்தான் அனுப்பியிருக்காரு."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. "தண்ணி குடு" என்றார். கொடுத்தேன். என் கையால் வாங்கிக் குடித்தார். அதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

பிரியமானவர்களே, இதைச் சந்தோஷ சாட்சியாக முடிக்க எனக்கு மனம் வரவில்லை. சத்துணவு வேலைக்கு அக்காவால் இனிப் போக முடியாது. சில நாள் நாங்கள் போனாலும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருப்பார். அப்போது சும்மா உட்கார்ந்துவிட்டு வருவோம்.

இந்த வருடக் கூடுகையை அவர் வீட்டில்தான் வைத்தோம். இடம் போதாமல் பாதிப் பேர் தெருவில் உட்கார்ந்தார்கள். பயிற்சி கொடுத்தது அக்கா. நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "சீக்காளி வீட்டுக்குப் போனா மொதல்ல உக்காரு. நின்னுகினே ஜெபம் பண்ணிட்டு ஓடாத. இன்னா சாப்ட்டன்னு கேளு. அப்பறம் ஜெபம் பண்ணு." நான் வருடக்கணக்கில் மைக்கில் பேசியதில் இவ்வளவு இல்லை. இப்போது எனக்கு ஒரே நோட்டு. அதில் முதல் பக்கம் எங்கள் முப்பது பேர். வராதவர் வீட்டுக்குத்தான் முதலில் போகிறோம்.

அன்று கரும்பலகையில் எழுதிய மற்ற மூன்று பேரில் இரண்டு பேர் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். திருவாலங்காட்டில் இருக்கிற மூன்றாவது சகோதரர் கூப்பிடவில்லை. ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தியவர். இரண்டு தடவை போய்க் கதவைத் தட்டித் திரும்பினேன். மூன்றாம் தடவை, "நானும் வரேன்" என்று அக்கா அக்குள் கட்டையை ஊன்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். தட்டினோம். உள்ளே டிவி சத்தம் கேட்டது. பிறகு அதையும் நிறுத்தினார்கள். கதவு திறக்கவில்லை.

"போலாங்கா, இன்னொரு நாள் வரலாம்" என்றேன்.

"நீ எத்தினி நாள் கழிச்சு என்னைப் பாக்க வந்த?" என்று கேட்டார். வாசல் படியில் கட்டையைச் சாய்த்து வைத்து, ஒருக்களித்து மெதுவாக உட்கார்ந்தார். "உக்காரு."

உட்கார்ந்தேன். அந்தக் கதவு இதுவரை திறக்கவில்லை. சாகக் கிடந்தவரை எழுப்பிக் கொடுத்த ஆண்டவரிடம் அதற்காகக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். நீங்களும் கேளுங்கள். உங்கள் சபையில் சில வாரங்களாக வராமல் இருக்கிற ஒருவரின் முகம் இப்போது உங்களுக்கு ஞாபகம் வந்தால், ஜெபித்துவிட்டு எழுந்து அவர் வீட்டுக்குப் போங்கள். திறக்காவிட்டால் படியில் உட்காருங்கள். நாங்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.