சபைக் குழுவில் வந்த என் வீடியோ

ஆண்டவரை நம்பும் அன்பானவர்களே, சுகமானவர்கள் சாட்சி எழுதும் இந்தப் பக்கத்தில் இன்னும் சுகமாகாத நான் கூச்சத்தோடு எழுதுகிறேன்.

எனக்கு இருபத்தாறு வயது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். டிப்ளமோ கடைசி வருடத்தில், தசைகளைத் தளர வைக்கும் இந்த நோய் வந்தது. ஓய்வெடுத்து எழுந்தால் கொஞ்சம் நடப்பேன். பகல் ஏற ஏற டம்ளரைத் தூக்கவும் கை வராது. காலையில் பார்ப்பவர்கள் நடிக்கிறாள் என்பார்கள். சாயங்காலம் பார்ப்பவர்கள் பாவம் என்பார்கள். இரண்டுமே எனக்கு அவமானம்தான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகையில்தான் என் மாத்திரைகள் வருகின்றன. அம்மாவின் நூல்மில் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடும்.

இந்த வருடம் கோடையில், எங்களைப் போன்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பேச்சு கிளம்பியது. விதியை மாற்றப் போகிறார்களாம். எல்லோரையும் மறுபடி பரிசோதித்து, நடக்க முடிகிறவர்களை நீக்கிவிடுவார்களாம். உண்மையா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லோரும் பயந்தோம். என் மாற்றுத்திறனாளி சான்றிதழைப் புதுப்பிக்கும் மருத்துவ முகாமும் அப்போதுதான் வந்தது.

எதையும் வரிசையாகப் பிரித்துப் பார்ப்பது என் பழக்கம். மருத்துவர் என்னைக் காலையில் பார்த்தால்? நடக்கச் சொன்னால்? நான் நடந்துவிட்டால்? நடந்தால் தொகை நின்றுவிடும். "ஆண்டவரே, அன்றைக்கு மட்டும் நான் நடக்க முடியாமல் போகட்டும்" என்று ஜெபித்தேன். சுகம் கேட்க வேண்டிய வாயால் நோயைக் கேட்டேன். இதை யாரிடம் சொல்ல முடியும்?

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், எங்கள் ஜெபக்குழுவை நடத்தும் எஸ்தர் அத்தை என் தலையில் கை வைத்து ஜெபித்தார்.

"எந்திரி கண்ணு. விசுவாசத்தோட நட!"

எல்லோரும் கை தட்டினார்கள். முடியாது என்று சொல்லத் தைரியம் வரவில்லை. பிடித்து நடக்கும் வாக்கரை விட்டுவிட்டுப் பிரசங்க மேடை வரை நடந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் அது வீடியோவாகிச் சபையின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. 'நம் சகோதரி பூரண சுகம் பெற்றாள்' என்று போட்டிருந்தார்கள். முகாமில் யாராவது இதைக் காட்டினால் என்ன செய்வது?

அத்தைக்குப் போன் செய்தேன். "அத்தை, அந்த வீடியோவ எடுத்துருங்க."

"ஏங் கண்ணு? ஆண்டவர் செஞ்சத மறைக்கச் சொல்றயா?"

"உதவித்தொகை நின்னு போயிருமுங்க அத்தை."

"ஓ, பணத்துக்கா?" என்று கேட்டு போனை வைத்துவிட்டார்.

முகம் எரிந்தது. படுத்தபடியே வேறு மாதிரி ஜெபித்தேன். "ஆண்டவரே, என்னை நடக்க வைக்கச் சொல்லவில்லை. விழ வைக்கவும் சொல்லவில்லை. நான் இருக்கிறபடி என்னை ஒருவராவது பார்க்கட்டும்."

மறுநாள் என்னைக் கண்டிக்கத்தான் அத்தை வந்தார். அம்மா மில்லுக்குப் போயிருந்தார். கதவைத் தட்டியதும் எழப் பார்த்தேன், கால் நிற்கவில்லை. தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன். அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஐயோ சாமி! நேத்து நடந்தியே?"

"அந்த நடைக்குத்தானுங்க அத்தை இது."

அவர் ஜெபிக்கவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அப்புறம் கஞ்சி காய்ச்சி ஊட்டிவிட்டார். போகும்போது, "வீடியோவ எடுத்துர்றேன். முகாமுக்கு நானும் வாரேன்" என்றார்.

முகாமன்று நான் பயந்தபடியே நடந்தது. காலை நேரம், ஓய்வெடுத்த உடம்பு. மருத்துவர் நடக்கச் சொன்னார். நடந்தேன். அவர் எழுதக் குனிந்தார். அத்தைதான் முன்னால் வந்தார்.

"ஏனுங்க டாக்டரய்யா, ஒரு நிமிசமுங்க. நானும் இப்படித்தான் பாத்துட்டு, சொகமாயிருச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டனுங்க. அடுத்த நாளு கதவத் தொறக்கத் தவந்து வந்தாளுங்க இந்தப் புள்ள."

மருத்துவர் பேனாவை வைத்தார். இரண்டு கைகளையும் நீட்டிப் பிடிக்கச் சொல்லி, பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கைகள் தாமாகவே இறங்கின. இமைகளும் சரிந்தன. "எப்பவும் இப்படித்தானாம்மா?" என்று கேட்டார். முதல்முறையாக, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பாதிப்பின் சதவீதம் குறையாமல் சான்றிதழ் கிடைத்தது.

விதி மாறுமா என்பது இன்னும் தெரியவில்லை. எங்களைப் போன்றவர்களின் குழுவில் பயம் அப்படியே இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நான் கேட்டதை ஆண்டவர் கொடுத்தார். என்மேல் வருத்தத்தோடு வந்தவரையே எனக்குத் துணையாக நிறுத்தினார். அவருக்கே ஸ்தோத்திரம். இப்போதெல்லாம் அத்தை ஜெபிப்பதற்கு முன், "இன்னிக்கு ஒடம்பு எப்புடி சாமி இருக்குது?" என்று கேட்கிறார். இருப்பதைச் சொல்கிறேன். வெட்கம் முழுதாகப் போகவில்லை; சொல்லச் சொல்லக் குறைகிறது.

இதை வாசிக்கிற யாராவது இன்னும் சுகமாகாமல், அதைச் சபையில் சொல்லவும் கூசிக்கொண்டு இருக்கலாம். உங்களுக்கு என்ன முடியவில்லையோ, அதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். தவழ்ந்து வருகிறவர்களையும் அவர் வெட்கப்படுத்துவதில்லை.