கேட்டும் திரும்பாத குரல்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் ஜாபரும் நானும், ஜவ்வாது மலையிலுள்ள பழங்காலக் கல்வீடுகளைப் பார்க்க மூன்று நாள் நடந்தோம். கடைசி ஏற்றத்தில் முட்டி வீங்கி அவன் உட்கார்ந்துவிட்டான்.

"நீ போய் பாத்துட்டு வாடா" என்றான். நான் மட்டும் ஏறினேன்.

பாதி வழியில் அவன் என்னைக் கூப்பிடுவது கேட்டது. இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்புவதா என்று மேலே நடந்தேன். கல்வீட்டுக்குள் குனிந்து நுழைந்தபோது சந்தோஷமே வரவில்லை.

இறங்கி வந்தால், உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழப் பார்த்து, பக்கத்துப் பள்ளத்தில் சறுக்கி விழுந்து, கால் முறிந்து கிடந்தான்.

"எத்தினி வாட்டி கூப்ட்டேன், கேக்கலையாடா?"

"கேக்கலடா."

"காத்து ஜாஸ்தி. நீ இன்னா பண்ணுவ?" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

இன்றும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறான். கேட்பவர்களிடம் காற்றைத்தான் குறை சொல்கிறான். பக்கத்தில் நிற்கும் எனக்கு, அன்று கேட்டது என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.