கத்தியக்காவின் வாளி

எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் காய் நறுக்குகிறவளுக்குக் கத்தியக்கா என்று பெயர். வைத்தவர் சமையல் மாஸ்டர். கையைவிட வாய்க்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும் என்று பிறகு அவரே திருத்திக்கொண்டார். பதினோரு வருடமாக ஒரே கத்தி; தேய்ந்து தேய்ந்து சுண்டுவிரல் அகலத்துக்கு வந்துவிட்டது. அவள் சீவிய உருளைக்கிழங்குத் தோலைச் செய்தித்தாள் மேல் விரித்தால் அடியில் இருக்கும் தலைப்பை வாசிக்கலாம். நான் வாசித்திருக்கிறேன்.

அந்தத் தோல்களை வாளியில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவாள். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர்தான். அவள் வீட்டுப் பின்பக்கம் இரண்டு கட்டில் அகலத்துக்கு ஓர் இடம், கட்டியவர்கள் விட்டுப்போன செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியுமாகக் கிடந்தது. புல்கூட எட்டிப்பார்க்காத இடம். அவள் அங்கே ஒரு அடுக்கு தோல், ஒரு அடுக்கு காய்ந்த இலை, மேலே ஒரு பிடி மண் என்று போட்டு, ஈரச் சாக்கால் மூடி, வாரம் ஒருமுறை கிளறினாள். சமைத்த மிச்சம் எதையும் சேர்க்கமாட்டாள், எலி வரும். நான்கு வருடத்தில், கையை விட்டால் மணிக்கட்டு வரை இறங்குகிற கறுப்பு மண். அதில் கத்தரியும் தக்காளியும்.

"மனுஷனுக்கு நறுக்கிப் போட்டுட்டு வந்து மண்ணுக்குப் பரிமாறுறா. நடுவுல நான் ஒருத்தன் தட்டோட உக்காந்திருக்கேன்," என்பார் அவள் கணவர்.

"காலித் தட்டுதானே? எந்திரிச்சு கழுவி வைங்க."

போன மாதம் ஒரு சாயங்காலம், புதிதாக வந்த சூப்பர்வைசர் அவளை கேட்டில் நிறுத்தினார். கிழங்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று மேலே யாரோ அவரைக் கேட்டிருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து ஐம்பது அறுபது பேர் பின்னால் நிற்கிறோம்.

"வாளி ஏன் இவ்ளோ கனமா இருக்கு? வீட்ல தோட்டமாமே. அதுக்குத்தான் தோலைத் தடியா சீவுறியா?"

"என்ன சொன்னீங்க?"

"தோலோட பாதிக் கிழங்கு போகுதுன்னு சொல்றேன். வாளிய வெச்சிட்டுப் போ."

கத்தியக்கா வாளியை நங்கென்று கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் செக்யூரிட்டியின் டீ தளும்பிப் போயிற்று. திருடி என்று மட்டும் சொல்லியிருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். அவர் குறை சொன்னது அவள் கையை. ஐம்பது பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

மறுநாள் அவள் வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்டாள். பத்து மணிக்கு மாஸ்டர் போட்ட சத்தத்தில் சமையலறை வாசலில் கூட்டம் கூடியது. ஒரு மூட்டைக் கிழங்கு சீவி முடிந்திருந்தது. சீவியது என்று சொல்ல முடியாது, செதுக்கித் தள்ளியிருந்தாள். உள்ளங்கை நிறைகிற கிழங்கெல்லாம் தேய்ந்த சோப்புத் துண்டு போலக் கிடந்தன.

"ஏம்மா, பைத்தியமா பிடிச்சிருக்கு? நானூறு பேருக்கு நான் என்னத்த வைப்பேன்?"

"அந்தத் துரையக் கூப்பிடுங்க மாஸ்டர்."

சூப்பர்வைசர் வந்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

"தடியா சீவுறேன்னு சொன்னீங்களே, இதுதான் சார் தடி. ஒரு மூட்டைக்கு மூணு வாளி. நேத்து எத்தனை மூட்டை மாஸ்டர்?"

"ரெண்டு."

"ரெண்டு மூட்டைக்கும் சேர்த்து ஒரே வாளி. அதக் கொண்டாங்க."

செக்யூரிட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு கொண்டுவந்தார். சூப்பர்வைசரின் பளபளத்த ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி அதைக் கவிழ்த்தாள். மேலே மெலிந்து சுருண்ட தோல். அடியில் கைமுட்டி அளவில் அழுகிய கிழங்குகள்.

"கனம் இதுதான். நான் சீவுனதால இல்ல, நீங்க மூட்டையப் பிரிச்சுப் பாக்காம வாங்குனதால. இதையும் சட்டியில போடச் சொல்றீங்களா?"

"சரி, சரி. சாப்பாட்டுக்கு வழியப் பாரு. வாளிய எடுத்துட்டுப் போ."

"சாப்பாட்டுக்கு வேற மூட்டை காலையிலயே சீவி அண்டாவுல மூடி வெச்சிருக்கேன். உங்க மேல உள்ள கோபத்துல பசிச்சவன் வயித்துலயா அடிப்பேன்? சரி சரின்னு இங்க அடுப்படியில சொல்லாதீங்க. கேட்ல சொன்னத கேட்லயே வந்து மாத்திச் சொல்லுங்க."

சாயங்காலம் வாளியோடு கேட்டின் நடுவில் நின்றாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த சூப்பர்வைசருக்குச் சுற்றிப் போக வழியில்லை.

"இவங்க… சரியாத்தான் சீவுறாங்க."

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

மறுபடி சொன்னார். "எங்களுக்கும் கேக்கல சார்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மூன்றாவது முறை கத்திச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அந்த மூன்று வாளித் தோலும் அவள் மண்ணுக்குத்தான் போயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். மண்ணைக் கீறிக்கொண்டு வரிசையில்லாமல் உருளைக்கிழங்கு முளைகள். தடித்த தோலில் கிழங்குச் சதையும் முளைக்கண்ணும் தங்கியிருக்கின்றன. நான்கு வருடமாக அவள் போட்ட தோலில் ஒன்றுகூட முளைத்ததில்லை.

"விடுடி, சும்மா வர்ற கிழங்கு," என்றார் கணவர்.

"என் கை சீவுன தோலு முளைக்கிறதா? பாக்குறவன் என்ன நினைப்பான்?"

ஒன்று விடாமல் வேரோடு பிடுங்கினாள். உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்து, பிடுங்கியதைப் பொடிப்பொடியாக நறுக்கி, அதே மண்ணில் போட்டு மூடினாள்.